மரபுத்தொடரும் மனப்பாடமும்

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியலிட்டு மாணாக்கரை உருப்போடச் செய்யும் வழக்கம் நம் தமிழ்ப்பள்ளிகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. கரும்பலகையின் இடப்புறம் தொடரையும் வலப்புறம் பொருளையும் எழுதிப்போட்டு, மறுநாள் ஒப்புவிக்கச் சொல்வதையே கற்பித்தல் என நம்பும் ஆசிரியர் பலர். அது கற்பித்தலன்று என்பது என் துணிபு. 'தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது' என்று கூறிப் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்கும் இந்நாளில், இது சிறிய குறையுமன்று.

'பிரேக் தி ஐஸ்' என்னும் தொடர் ஆறுகள் உறையும் குளிர்நாட்டில் பிறந்தது. நம் சிறுவன் அறிந்த பனிக்கட்டியோ ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் கிடப்பது! நியூகாசிலுக்கு நிலக்கரி சுமத்தல் என்பதும் அத்தகையதே. வட இங்கிலாந்தின் அந்நகர் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றிருந்ததை அறியாதவனுக்கு அத்தொடர் வெறும் ஒலி. ஆனால், 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்று பாட்டி சொல்லக் கேட்டவனுக்கு அதன் நகையும் குத்தலும் நொடியில் விளங்கும். இத்திறவுகோலை, ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கலாகாது என்னும் வீண் பிடிவாதத்தால் பலர் வீசியெறிந்துவிட்டனர்.

திடலில் சிலிப்பர் இரண்டைக் கோல் கம்பமாக வைத்துக் காற்பந்து ஆடாத சிறுவன் இந்நாட்டில் அரியன். எதிரணியான் அதைக் கள்ளத்தனமாய் ஓரடி நகர்த்தியதற்குச் சண்டையிட்டவனுக்கு, 'மூவ் தி கோல்போஸ்ட்ஸ்' என்னும் தொடரை விளக்கவும் வேண்டுமோ? நள்ளிரவுவரை இங்கிலாந்துக் காற்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டு களிக்கும் ஆசிரியர், மறுநாள் காலை வகுப்பில் பட்டியலைத் தேடுவது வியப்பே.

நம் சடங்குகளில் இதனினும் வளம் மிகுதி. பொங்கற் பானை பொங்கி வழிவதை ஆங்கிலத்தில் 'பாயில் ஓவர்' என்பர். ஆங்கிலேயர் வாயில் அத்தொடர் சினமோ கலகமோ கட்டுமீறுவதைக் குறிக்கும். நம் முற்றத்திலோ அது மங்கலம். ஒரே காட்சி இரு மொழிகளில் இருவேறு உணர்வைத் தருவது ஏன் என்று வினவிப் பாருங்கள். மரபுத்தொடர் என்பது யாதென மாணவன் அன்றே உணர்வான். 'ஓப்பன் ஹவுஸ்' என்றால் நமக்குத் திருநாள் விருந்து. பிற நாடுகளிலோ பெரும்பாலும் விற்பனைக்குள்ள வீட்டையோ பள்ளியையோ பார்வையிடும் நாள். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை கேட்டமரான், செரூட், மல்லிகட்டானி எனவும், மலாயின் அமோக், ரோத்தான் முதலியன சிற்சில ஒலித்திரிபுடனும் ஆங்கில அகராதியில் வீற்றிருப்பதை எத்தனை வகுப்பறைகளில் சொல்கிறோம்?

'உள்ளூர்ச் செய்தியைப் புகுத்தினால் ஆங்கிலம் கொச்சையாகிவிடும்' என்பர் சிலர். பொருள் உள்ளூருடையது என்பதால் இலக்கணம் பிழைபட வேண்டுமென்பது எந்த நியாயம்? ஓவியர் லாட் 1979இல் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' பேராக் மாநிலக் கம்பத்தின் பிறப்பு, விருத்தசேதனச் சடங்கு, ஈய வயல் ஆகியவற்றை எளிய, தெளிந்த ஆங்கிலத்தில் வரைந்துகாட்டிற்று. அதில் கொச்சை எங்கே? அத்தகைய நூல் நம் நாட்டில் இருக்க, 2018இல் முதலாமாண்டு மாணவர் கையில் அயல்நாட்டுச் சூழலுக்கென எழுதப்பட்ட பாடநூல் திணிக்கப்பட்டது. அதன் பயிற்சிமுறை நன்று என்பதை மறுக்கவில்லை. அதில் நம் பிள்ளை எங்கே என்றுதான் கேட்கிறேன்.

திரைப்படமும் பாட்டும் தரும் ஆங்கிலமெல்லாம் கொள்ளத்தக்கதன்று, வசைச்சொற்களும் உடன்வரும். அவற்றைப் பிரித்தறியக் கற்பிக்கவே ஆசிரியர் இருக்கிறார். தேர்வைக் காட்டித் தப்பவும் இயலாது. யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது, பட்டியல் மட்டும் நீங்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்த தைப்பூசம் முடிந்து பள்ளி திறக்கும் நாளில் அப்பயிற்சி நூலை மூடிவையுங்கள். பத்துமலைப் படிகளில் தாம் கண்டதை, மலாய்த் தோழன் ஒருவனுக்குக் கூறுவதுபோல் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். நேர்த்திக்கடனுக்கும் தேருக்கும் ஆங்கிலச் சொல் என்னவென்று அவர்களே எழுந்துவந்து கேட்பார்கள்.