கோட்டை வாயிலும் கல்வி வாயிலும்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக்குச் செல்வோர் கண்ணில் முதற்கண் படுவன மூன்று குன்றுகள். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திராயன்துர்க்கம் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றையும் இணைத்து வளைந்து செல்லும் மதிலில் வடக்கே வேலூர் வாயிலும் கிழக்கே புதுச்சேரி வாயிலும் உள்ளன. இராசகிரியின் உச்சிக்கு ஏறுவோர் வாயில் பல கடந்து, இறுதியில் ஆழ்ந்த பாறைப் பிளவொன்றின் முன் வந்து நிற்பர். அப்பிளவின் மீது இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் அப்பாற் செல்ல வழியில்லை. 1690-இல் மொகலாயர் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிவுற்றதென்றால், இவ்வாயில்களின் வலிமையை வேறு சான்று கொண்டு விளக்க வேண்டுவதில்லை. 2025-ஆம் ஆண்டில் இக்கோட்டை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றது.

கோட்டை வாயில் அயலாரைத் தடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. அதே ஊரில் வேறொரு வாயிலும் உண்டு. அது பள்ளி வாயில். அங்கே மதிலும் இல்லை, பாலமும் இல்லை. எனினும் அதனைக் கடக்க இயலாமல் நிற்கும் குழந்தைகள் இன்றும் உள்ளனர். அவர்களை நிறுத்தி வைப்பது ஒரு துண்டுத் தாள்.

பிறப்புப் பதிவு ஊரெங்கும் வேரூன்றாத காலத்தில் பள்ளிச் சேர்க்கைக்குத் தாள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிறுவன் தன் வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்டானாயின் வயது நிரம்பியவன் என்று ஆசிரியர் கொண்டார். தொடவில்லையாயின் அடுத்த ஆண்டு வருமாறு கூறினார். பிறந்த நாள் அறியாத பிள்ளைக்கு அவரே ஒரு நாளைக் குறித்தும் கொடுத்தார். இன்றைய முதியோருள் பலர் ஏட்டின்படி மே, ஜூன் திங்கள்களில் பிறந்தவராகக் காணப்படுவதன் காரணம் இதுவே. கோள்களுக்கு இதில் பங்கில்லை. அம்முறை குறையற்றது என்று சொல்லுவதற்கில்லை. வளர்ச்சி குன்றிய பிள்ளை ஓராண்டை இழந்தது. சாதியின் பெயரால் வாயில் அடைக்கப்பட்டோர் எண்ணற்றோர். அது வேறொரு கொடுமை. ஆயினும் தாள் இல்லாமையால் எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

இன்று குழந்தையைச் சேர்க்க வரும் தாய் ஒரு கட்டுத் தாள்களைச் சுமந்து வர வேண்டியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, சாதிச் சான்றிதழ், வேறு பள்ளியிலிருந்து வருவதாயின் மாற்றுச் சான்றிதழ் என அது நீளும். தந்தையின் பெயர் ஒன்றில் ஒருவாறும் மற்றொன்றில் வேறுவாறும் எழுதப்பட்டிருக்கும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமலும் இருக்கும். பிறப்பைப் பதிந்த ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் பதினைந்து ஆண்டு வரை கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். இதனை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்?

செஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களின் புறத்தேயும் ஏரிக்கரைகளிலும் வாழும் இருளர் மக்களை எண்ணிப் பார்த்தால் இத்துன்பத்தின் அளவு புலப்படும். செங்கற்சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டுதல் எனப் பிழைப்பைத் தேடி இடம் பெயர்வோர் அவர்கள். சூளையருகே குடிசையில் பிறந்த குழந்தையின் பிறப்பை யார் பதிவர்? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். அதன்பின் தாமதக் கட்டணம் உண்டு. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவர் ஒருவரின் ஆணை வேண்டும். அன்றன்றைக் கூலியால் வாழும் தாய், அவ்வாணைக்காக எத்தனை நாட்கூலியை இழப்பாள்!

சட்டம் இக்குழந்தையைக் கைவிட்டதென்று கூறுதல் தவறு. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதனைத் தெளிவாகவே கூறுகிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எக்குழந்தைக்கும் வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுத்தலாகாது. மருத்துவமனைப் பதிவேடோ, அங்கன்வாடிக் குறிப்போ, பெற்றோர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியோ போதும் என்பது அச்சட்டத்தின் மாதிரி விதி. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று காத்திருக்க வைப்பதும் கூடாது. கட்டண நிலுவை குறித்து மாற்றுச் சான்றிதழில் எழுதுவது முறையன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் கூறியது. ஆதார் இன்மையால் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2018-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்திய செய்தி. ஆகவே குறை சட்டத்தில் இல்லை; தாளை முன்னும் குழந்தையைப் பின்னுமாக வைத்து எண்ணும் பழக்கத்தில் உள்ளது.

தாள் இன்றேல் பொய் புகும் என்பர் சிலர். அவர் கூற்றைப் புறக்கணித்தல் ஆகாது. பழங்குடியினர்க்குரிய இடங்களைப் பொய்ச் சான்று காட்டிப் பிறர் கவர்ந்த வழக்குகள் உண்டு. அதனாலன்றோ 1994-இல் உச்சநீதிமன்றம் சாதிச் சான்றுகளை ஆராயக் குழுக்கள் அமைக்குமாறு பணித்தது! ஆனால் அவ்வாராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி இடத்துக்கும் அரசுப் பணிக்கும் உரியது. ஐந்தாறு வயதுக் குழந்தை அகர முதல எழுத்தைக் கற்க வருகையில் அது எதனைக் கவரப் போகிறது?

மேலும் ஒன்று. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர். அவர் ஆராயும் சான்றுகளுள் பள்ளிப் பதிவேடும் ஒன்று. சேர்க்கை நாளில் எழுத்தர் கேட்டறியாமல் வேறு சாதியின் பெயரை எழுதிவிட்டால், அப்பிழை பத்தாண்டு கழித்து அப்பிள்ளையின் முன் மதிலாய் எழும். எனவே இந்த எழுத்து வேலை அற்பமானதன்று. அதனைப் பொறுமையுடன் செய்வோர் வேண்டும்.

இன்று அதனைச் செய்வோர் யாவர்? வட்டத் தலைநகரங்களில் மனு எழுதிக் கொடுப்போர் உளர்; இ-சேவை மையங்கள் உள்ளன; பணம் பெற்றுப் பள்ளியில் சேர்த்துத் தருவதாகக் கூறும் தரகரும் உளர். இவர்களுள் நேர்மையாளரும் உண்டு. தாள்களை வகைப்படுத்தி, மூலம் எது நகல் எது எனப் பிரித்து, பெயர் வேறுபாட்டை முன்கூட்டியே கண்டு திருத்தித் தருபவர் அக்குடும்பத்துக்குப் பெரிய துணையே. ஆயினும் கூலி கொடுக்க இயலாதவனுக்கு அத்துணை கிட்டாது. இப்பணி பள்ளிக்கு உரியது. குழந்தையை அன்றே வகுப்பில் அமர்த்திவிட்டு, குறையும் தாள்களைப் பள்ளியே எழுதிக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆசிரியரின் முத்திரையுடன் செல்லும் மனு பெறும் மதிப்பு, எழுத்தறியாத் தந்தை கைகட்டி நின்று கேட்பதற்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆசிரியர்க்கு ஏற்கெனவே ஏட்டு வேலை மிகுதி என்பது உண்மையே. இதற்கெனத் தனி எழுத்தர் ஒருவரை அமர்த்தினால் அச்செலவு வீணாகாது.

காலமும் நெருங்குகிறது. 2023 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறந்த நாளைக் காட்டும் சான்றாகப் பிறப்புச் சான்றிதழையே கொள்ளச் சொல்கிறது. அக்குழந்தைகள் பெருந்தொகையினராய் முதல் வகுப்பின் வாயிலுக்கு வருவர். வயதுச் சான்று இன்மையால் சேர்க்கையை மறுக்கலாகாது என்னும் 2009-ஆம் ஆண்டின் விதி அப்போதும் அவர்களைக் காக்க வேண்டும். ஆனால் விதியைக் காட்டி வாதாடும் நிலை அத்தாய்க்கு வராமலிருப்பதே நன்று. அதற்குப் பதிவாளர் சூளைகளுக்குச் செல்ல வேண்டும். சூளையிலிருப்போர் பதிவாளரிடம் வரும்வரை காத்திருத்தல் பயன் தராது.

மழைக்காலம் நீங்கியபின் தொடங்கும் சூளை வேலை கோடையோடு முடிகிறது. குடும்பங்கள் ஊர் திரும்பும்போது பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். சேர்க்கை முடிந்தது என்ற விடையே அவர்களுக்குக் கிடைக்கும். அவ்விடையும் சட்டத்துக்கு மாறானது. குறித்த நாள் கடந்து வந்தாலும் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதே 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு.