கோரைப் புல்லும் சோடாப் போத்தலும்

எங்கட ஊர்ப் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். வீடும் வளவும் மனைவியின் பெயரில். வளவில் முளைக்கும் புல் மட்டும் என் பெயரில். இது பத்து வருடக் கதை.

மாரி மழை பெய்து ஒரு கிழமை போனால் போதும், கிணற்றடி தொடங்கி பின்வேலி வரைக்கும் பச்சை. இந்த டிசம்பர் லீவில் மண்வெட்டியோடு இறங்கினேன். ஒரு நாள் முழுக்கக் கொத்தினேன். உள்ளங்கையில் கொப்புளம். மாமிக்கு முன்னால் பெரிய வீரன் மாதிரி நின்று தேத்தண்ணி குடித்தேன். பத்தாம் நாள் பார்த்தால், ஒரு கோரை நின்ற இடத்தில் நாலு நிற்கிறது.

பிழை என்னுடையதுதான். கோரைக்கு மண்ணுக்குள்ளே கிழங்கு, சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். கொத்தி அறுத்துவிட்டால் தூங்கிக் கிடந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். நான் களை பிடுங்கவில்லை, நாற்று நட்டிருக்கிறேன்! வகுப்பில் நிலக்கீழ்த் தண்டு படிப்பிக்கிற ஆள் வேறு.

பிறகு ஆலோசனைகள் வரத் தொடங்கின. “இன்டர்லொக் கல்லப் பதிச்சிருங்க மச்சான்” என்றார் ஒருவர். பதிக்கலாம், மழைத் தண்ணி ஒழுங்கைக்குத்தான் போகும். இன்னொருவர் டெங்கைச் சொல்லிப் பயமுறுத்தினார். டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் தேங்குகிற தண்ணீரில். புல்லில் இல்லை.

மூன்றாமவர்தான் சங்கதி. “ரெண்டு மூடி எண்ணெய் அடிங்க சேர், ஒரு கிழமைல கருகிரும்” என்று சொல்லிவிட்டு, பின்னேரம் கையோடு கொண்டும் வந்து தந்தார். ஒரு லீட்டர் சோடாப் போத்தலில் களைநாசினி. சோடாவின் லேபல்கூட கழற்றப்படவில்லை. பார்வைக்கு இஞ்சிச் சோடாவேதான். என்ன மருந்து என்று கேட்டேன். “பேர் தெரியா சேர், வயலுக்கு அடிச்ச மிச்சம்” என்றார்.

போத்தலை வாசல் திண்ணையில் வைத்துவிட்டு அவரை வழியனுப்பத் திரும்பினேன். அவ்வளவுதான். என் சின்ன மகன் மூடியைத் திருகிக்கொண்டு நிற்கிறான்.

திறக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கொண்டு வந்தவர் நல்ல மனிதர், உதவி செய்யத்தான் வந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு களைநாசினிக்காக நாடே அவ்வளவு வாதாடியது. நாம் பெயரே தெரியாத ஒன்றை வேலிக்கு மேலால் கைமாற்றுகிறோம். மிச்சத்தைக் குசினி அலுமாரிக்குக் கீழே வைக்கிறோம். வயலில் ஏக்கருக்கு இவ்வளவு என்று அளவு இருக்கிறது. வீட்டு வளவில் அளவு மூடிதான். எங்கட வளவில் புல்லுக்கும் கிணற்றுக்கும் இடையில் எட்டடி. மணல் பூமி. மாரியில் தண்ணி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அந்தத் தண்ணியில்தான் வுழூச் செய்கிறோம், குளிக்கிறோம், சிலர் குடிக்கவும் செய்கிறோம்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு போத்தல் இருந்தால், தயவு செய்து இன்றைக்கே எடுத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். அடுத்த தடவை வாங்கினால் அதன் சொந்தப் போத்தலிலேயே இருக்கட்டும். வீட்டு வளவுக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி.

நான் இப்போது மழை விட்ட கையோடு, மண் ஈரமாக இருக்கும்போதே கிழங்கோடு கிளறி எடுக்கிறேன். எடுத்த இடத்தில் வத்தாளைக் கொடி நட்டிருக்கிறேன், நிழல் கோரைக்கு ஆகாது. வென்றுவிட்டேனா என்றால் இல்லை. பாதி வளவு இன்னும் அவர்கள் கையில்தான்.

நேற்று குந்தியிருந்து மும்முரமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மாமி குசினி வாசலில் நின்று சத்தம் போட்டா: “மகன், அது புல்லில்ல, பொன்னாங்காணி! ராவைக்குச் சுண்டவெண்டு வெச்சிருக்கன்!”