தண்ணி ஊத்துறது ரிப்பேர் இல்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. தைப்பூசத்துக்கு குடும்பத்தோட காடி எடுத்துட்டுப் போறவங்களும், ஆலயத்துக்குப் பெரியவங்களை ஏத்திட்டு வர்றவங்களும் தயவுசெய்து கடைசி வரைக்கும் படிங்க.

தைப்பூசம் நெருங்கினா நம்ம ஆலய வாசல்ல வாகன பூசைக்கு வரிசை நிக்கும். பானெட்டுல சந்தனம், குங்குமம், ஒரு மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம், குருக்கள் தீபாராதனை காட்டினதும் பழத்தை நசுக்கிட்டு காடி கிளம்பும். நல்ல பழக்கம். அந்தப் பழத்தை எடுத்து வைக்கிற வேலையே என்னோடதுதான், அதனால பூசையைக் குறை சொல்றேன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனா அதே வரிசையில நிக்கிற பல காடிகளோட பின்னாடி பூட்ல ஒரு பெரிய போத்தல் தண்ணி இருக்கும். குடிக்கிறதுக்கு இல்ல. கேட்டா, "பழைய காடி தம்பி, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி கேட்கும்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. என் கருத்து இதுதான்: காடி தண்ணி கேட்காது. பழசா இருந்தாலும் கேட்காது. தண்ணி குறையுதுன்னா எங்கேயோ ஒழுகுது, இல்ல என்ஜினுக்குள்ள போய் எரியுது. ஊத்துறது அதுக்கு ரிப்பேர் இல்ல, அதை மறைக்கிறது.

கூலிங் சிஸ்டம்ங்கிறது மூடி வச்ச குக்கர் மாதிரி. ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரிசர்வ் டேங்க் எல்லாம் சேர்ந்து ஒரே அடைப்புக்குள்ள இருக்கு. என்ஜின் சூடானா உள்ள அழுத்தம் ஏறும். பல காடிகள்ல ரேடியேட்டர் மூடி 0.9லிருந்து 1.1 பார் வரைக்கும் அந்த அழுத்தத்தைப் பிடிச்சு வைக்குது. திறந்த சட்டியில தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். சரியான கூலண்ட் கலவை, நல்ல மூடி இரண்டும் இருந்தா 120 டிகிரி தாண்டினாலும் கொதிக்காது. சின்ன ஒழுகல் இருந்தா தண்ணி மட்டும் போகல, அழுத்தமும் போகுது. அப்புறம் சாதாரணமாத் தாங்க வேண்டிய சூட்டுலயே கொதிக்க ஆரம்பிச்சுடும்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலண்ட் எதுக்கு, பைப் தண்ணி போதாதா?"ன்னு கேட்கிறவங்க நிறைய பேர். கூலண்ட் பனிக்கு மட்டும் இல்ல. கொதிநிலையை ஏத்துறது ஒரு வேலை, உள்ள இருக்கிற அலுமினியமும் இரும்பும் அரிக்காம காக்கிறது இன்னொரு வேலை. வாரா வாரம் பைப் தண்ணி ஊத்தினா கலவை நீர்த்துப் போகும், உப்பும் படியும், அரிப்பு தொடங்கும். ஒரு ஒழுகலுக்காக ஊத்தின தண்ணி நாளைக்கு இன்னும் இரண்டு ஒழுகலை உண்டாக்கும்.

நம்ம ஆலய வேனுக்கு நடந்ததைச் சொல்றேன். வெள்ளிக்கிழமையும் பிரதோஷத்தன்னைக்கும் பக்கத்து அடுக்குமாடியில இருக்கிற வயசானவங்களைக் கூட்டிட்டு வர்ற வேன் அது. ஓட்டுறவங்க நாலு பேர், முறை வச்சு ஓட்டுறாங்க. தண்ணி குறைஞ்சிருந்தா அன்னைக்கு ஓட்டுறவர் ஊத்திடுவார். நல்ல மனசுதான். ஆனா யாரு எப்போ எவ்வளவு ஊத்தினாங்கன்னு கணக்கு இல்ல. ஒருத்தர் பார்வையில அது மாசத்துக்கு ஒரு தடவை. நாலு பேரையும் சேர்த்துப் பார்த்தாதான் தெரியும், வாராவாரம் போகுதுன்னு. கீழ தரையில ஒரு சொட்டு ஈரம் கூட கிடையாது.

அதனால வேன்ல ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கட்டி வச்சோம். ரிசர்வ் டேங்க்ல மார்க்கர் பேனாவால ஒரு கோடு. காலையில என்ஜின் ஆறி இருக்கும்போது மட்டும் பார்க்கணும், தேதி, கிலோமீட்டர், எவ்வளவு குறைஞ்சதுன்னு எழுதணும். இரண்டே வாரத்துல விஷயம் தெளிவாச்சு. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனப்ப போமன் முதல்ல கேட்டதே "எவ்வளவு நாளைக்கு எவ்வளவு குறையுது?"ன்னுதான். நோட்டைக் காட்டினோம்.

அவர் செஞ்சது பிரஷர் டெஸ்ட். என்ஜின் ஆறின பிறகு ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்துல ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில போட்டிருக்கிற அளவுக்கு அழுத்தம் ஏத்துவாங்க. முள் அசையாம நின்னா ஒழுகல் இல்ல. எங்க வேன்ல முள் மெதுவா இறங்குச்சு. தண்ணி எங்கேயும் தெரியல. அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்ததுல வாட்டர் பம்புக்குக் கீழ ரோஸ் நிறத்துல உப்பு மாதிரி காய்ஞ்சு படிஞ்சிருந்துச்சு. வாட்டர் பம்புல ஒரு சின்ன ஓட்டை வச்சுத்தான் தயாரிக்கிறாங்க. உள்ள இருக்கிற சீல் தேய்ஞ்சா தண்ணி பேரிங்குக்குள்ள போகாம அந்த ஓட்டை வழியா வெளிய வரணும், பார்க்கிறவனுக்கு ஒரு அறிகுறியா இருக்கணும்னு. எங்க வேன் அந்த அறிகுறியை ரொம்ப நாளா காட்டிக்கிட்டேதான் இருந்திருக்கு. சூட்டுல சொட்டு கீழ விழுறதுக்குள்ள ஆவியாப் போனதால யாருக்கும் தெரியல.

பம்பை மாத்தி, மூடியை மாத்தி, பழைய தண்ணியை இறக்கிட்டு புது கூலண்ட் ஊத்தினாங்க. கோடு அப்புறம் அசையவே இல்ல.

இதுக்கு நிர்வாகக் கூட்டத்துல எதிர்ப்பும் வந்துச்சு. "ஒரு போத்தல் தண்ணிக்கு காசா, பணமா? ஓடுற வேனுக்கு எதுக்குச் செலவு? இது பக்தர்கள் போட்ட காசு"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பக்தர்கள் காசுங்கிறதாலதான் செய்யணும்னு நான் சொல்றேன். ரேடியேட்டர் மூடி, ஹோஸ், கிளிப் எல்லாம் சில பத்து வெள்ளியில முடியற சாமான். வாட்டர் பம்ப் அதைவிடக் கூட. ஆனா என்ஜின் ஒரு தடவை நல்லா சூடாகி சிலிண்டர் ஹெட் வளைஞ்சா, ஹெட் கேஸ்கெட் போனா, செலவு ஆயிரக்கணக்குல போகும். வேன் ஒர்க்‌ஷாப்புல கிடக்கிற நாள்ல நம்ம பாட்டிமார் வீட்டுல உட்கார்ந்திருப்பாங்க. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இரண்டு குறுக்கு வழி சொல்வாங்க. ஒண்ணு, ஒழுகலை அடைக்கிற மருந்து போத்தல். ரேடியேட்டர் குழாய் ரொம்ப மெல்லிசு. ஓட்டையை அடைக்கிற மருந்து அந்தக் குழாயையும் அடைக்கும். நடுவழியில வேற வழியே இல்லாதப்போ பரவாயில்ல, அதையே நிரந்தர வைத்தியமா வச்சுக்கக் கூடாது. இன்னொண்ணு, "சூடான ஊரு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடு". ஒழுகலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கழட்டினா என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், எண்ணெய் கூட குடிக்கும், சீக்கிரம் தேயும்.

வீட்டுல நீங்களே பார்க்கக் கூடியது இவ்வளவுதான்:

காலையில, ஆறின என்ஜின்ல ரிசர்வ் டேங்கைப் பாருங்க. ரேடியேட்டர்ல மூடி இருந்தா அதையும் திறந்து பாருங்க. சில நேரம் டேங்க் நிறைஞ்சிருக்கும், ரேடியேட்டர் காலியா இருக்கும். அப்படின்னா மூடியைத்தான் முதல்ல சந்தேகப்படணும். சூடா இருக்கும்போது மட்டும் மூடியில கை வைக்காதீங்க. கொதிக்கிற தண்ணி முகத்துல அடிக்கும்.

இராத்திரி காடிக்கு அடியில ஒரு பழைய அட்டையை விரிச்சு வைங்க. நிறமே இல்லாம, வழவழப்பு இல்லாம இருந்தா அது ஏர்கோன் தண்ணி, பயம் இல்ல. பச்சை, ரோஸ், நீலம்னு நிறமா, லேசா இனிப்பு வாசனையோட இருந்தா கூலண்ட்.

அட்டை காய்ஞ்சே இருந்தாலும் விட்டுடாதீங்க. ஹோஸ் மாட்டுற இடம், ரேடியேட்டரோட பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேர்ற ஓரம், தெர்மோஸ்டாட் மூடி, வாட்டர் பம்ப் அடிப்பக்கம், இங்கெல்லாம் காய்ஞ்ச படிவு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹீட்டர் உள்ள காடின்னா முன் சீட்டுக் காலடி கார்ப்பெட்டைத் தொட்டுப் பாருங்க.

வெளிய எங்கேயும் இல்ல, ஆனா குறையுது, வெள்ளைப் புகை வருது, எண்ணெய் மூடிக்கு அடியில பால் கலந்த மாதிரி இருக்குன்னா ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம். அந்தக் காடியை எடுத்துட்டு தைப்பூசத்துக்குப் போகாதீங்க.

தைப்பூசத்தைத் திரும்பத் திரும்ப சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஜொகூர் பாருவிலிருந்து பத்துமலை 300 கிலோமீட்டருக்கு மேல. கோலாலம்பூர்லிருந்து பினாங்கு தண்ணீர்மலையும் அப்படித்தான். ஹைவேயில ஓடும்போது எதிர்காத்து ரேடியேட்டரைக் குளிர வைக்கும். கொஞ்சம் தண்ணி குறைஞ்ச காடி கூட ஒண்ணும் இல்லாத மாதிரி ஓடும். டோல் தாண்டி கோவில் பக்கத்து ஜேம்ல மாட்டினா காத்து இல்ல, ஃபேன் மட்டும்தான். ஏர்கோனும் ஓடிக்கிட்டு இருக்கும். அங்கதான் கொதிக்கும். உள்ள பால்குடத்துக்கு விரதம் இருக்கிற அம்மா, பின் சீட்டுல பிள்ளைங்க.

"முள்ளைப் பார்த்துக்கிட்டுத்தானே ஓட்டுறேன்"னு நம்பாதீங்க. இப்போ வர்ற நிறைய காடிகள்ல முள்ளே இல்ல, ஒரு விளக்குதான். முள் இருந்தாலும், தண்ணி ரொம்பக் குறைஞ்சு சென்சார் வெறும் காத்துல நின்னா அது சரியான சூட்டைக் காட்டாது. என்ஜின் வெந்துக்கிட்டு இருக்கும், முள் சும்மா இருக்கும்.

அப்படியும் வழியில சூடாச்சுன்னா ஏர்கோனை அடைங்க, இடது பக்கம் ஒதுங்குங்க, என்ஜினை நிறுத்துங்க. எல்லாரையும் இறக்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பா நிக்க வைங்க. காடிக்குப் பின்னாடி நிக்க வேண்டாம். பிளஸ் ஹைவேயா இருந்தா 1800-88-0000க்குக் கூப்பிடுங்க. நல்லா ஆறின பிறகுதான், அரை மணி நேரத்துக்கு மேலயே ஆகும், மூடியைத் தொடணும். அந்த நேரத்துல சுத்தமான தண்ணி ஊத்துறது தப்பில்ல, அடுத்த ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்றதுக்கு அது உதவும். அதோட விஷயம் முடிஞ்சதுன்னு நினைக்கிறதுதான் தப்பு.

ஆலய வளாகம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கூலண்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், ஆனா விஷம். பூனை, நாய் நக்கினா செத்துப் போகும். கார் பார்க்கில குழந்தைங்க வெறுங்காலோட ஓடுறாங்க. நிறத் தண்ணி சொட்டினதைப் பார்த்தா மணலைப் போட்டு மூடி எங்களைக் கூப்பிடுங்க. பழைய கூலண்டை ஆலயக் கால்வாயில ஊத்தாதீங்க. ஒர்க்‌ஷாப்புலயே குடுத்துடுங்க.

கடைசியா நிர்வாகத்துக்கும் உபயகாரர்களுக்கும் என் வேண்டுகோள். அன்னதானத்துக்கும் அலங்காரத்துக்கும் உபயம் குடுக்க நம்ம மக்கள் போட்டி போடுறாங்க, அது நம்ம ஆலயத்தோட பாக்கியம். வேன் சர்வீஸுக்குன்னு உபயம் எழுத ஒரு பக்கம் கூட நம்ம புத்தகத்துல கிடையாது. வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ், தைப்பூசத்துக்கு முன்னாடி ஒரு பிரஷர் டெஸ்ட், இதுக்கு ஒரு பக்கம் ஒதுக்கணும். நடக்க முடியாத ஒரு பாட்டியை சந்நிதி வரைக்கும் பத்திரமா கொண்டு வந்து இறக்குறதும் முருகனுக்குச் செய்யற தொண்டுதான்.

இந்த வாரக் கடைசியில ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, காலையில பானெட்டைத் திறந்து டேங்க்ல ஒரு கோடு போடுங்க. அடுத்த வாரம் அதே நேரத்துல பாருங்க. கோட்டுக்குக் கீழ போயிருந்தா போத்தலைத் தேடாதீங்க, போமனைத் தேடுங்க. மத்தவங்களை ஏத்திட்டுப் போற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா இந்தப் பதிவை அவங்களுக்கு அனுப்பி வைங்க.

எல்லாரும் நல்லபடியா போய், நல்லபடியா வீடு வந்து சேரணும். முருகன் துணை.