கித்தான் கொட்டகைக்கு ஒரே கலரா?

ரொம்ப நாளா மனசுக்குள்ள புழுங்கிக்கிட்டிருந்த விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

நான் செய்த முதல் உலகப் போர் விமானதள மாடலை (1/72 அளவு) ஒரு நண்பர் பார்க்க வந்தார். விமானத்தை விட்டுட்டார். பின்னால் நின்ற பெஸ்ஸோனோ ஹேங்கரைப் பிடிச்சுக்கிட்டார். "கலர் தப்பு சார், அது கரும்பச்சை. போட்டோவுலயே கறுப்பாத்தானே தெரியுது?" ஆதாரத்துக்கு, கம்ப்யூட்டர் கலர் பூசிய ஒரு பழைய படம் வேற! வந்த கோபத்துல காபி கூடக் கொடுக்கலை :-)

அய்யா, கறுப்பு வெள்ளைப் படத்தில் இருட்டாகத் தெரிவதெல்லாம் பச்சை என்று யார் சொன்னது? அன்று பரவலாக இருந்தது ஆர்த்தோகுரோமாட்டிக் வகை. அதற்குச் சிவப்பு தெரியாது. நீலம் அளவுக்கு மீறித் தெரியும். பல படங்களில் பிரிட்டிஷ் விமானச் சின்னத்தின் நீல வளையம் வெளுத்தும், நடுச் சிவப்பு கறுத்தும் நிற்பது அதனால்தான். காவி, பழுப்பு எல்லாமே அதில் இருண்டுதான் விழும். உங்க கரும்பச்சை வெறும் பழுப்புக் கித்தானாகவும் இருக்கலாம்!

சரி, தைச்ச அன்னிக்கு எந்தக் கலராவும் இருக்கட்டும். அப்புறம்? 1914 செப்டம்பரில் பிரான்சில் அடித்த புயலில், திறந்தவெளியில் நின்ற பிரிட்டிஷ் விமானங்கள் சில நொறுங்கிப் போயின. விமானத்துக்குப் பதிலாக வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளத்தான் மரச்சட்டத்தின் மேல் அந்தக் கித்தான். வெயில் பட்ட கூரை வெளுக்கும். ஈரம் தங்கும் அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். ஷாம்பெய்ன் பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு மண், ஃபிளாண்டர்ஸில் சேறு. கிழிந்த இடத்தில் புதுத்துணி ஒட்டு. மழை பெய்தால் மொத்தமும் இருண்டுவிடும். நம்பலைன்னா ஒரு கோணியை நனைச்சுப் பாருங்க. ஒரே கொட்டகைக்கு ஒரே வாரத்தில் நாலு கலர்!

அப்போ பச்சையே கிடையாதா? இருந்தது. பிரெஞ்சு ராணுவம் 1915-லேயே உருமறைப்புக்குத் தனிப் பிரிவு வைத்தது. கொட்டகை மேல் பெயிண்ட் திட்டுத் திட்டாகப் போட்டதும் உண்டு. என் சண்டை பச்சையோடு இல்லை, 'எல்லாமே பச்சை'யோடு.

நிஜக் கலர்ப் படங்களும் இருக்கு சாமி. 1917-ல் போல் காஸ்டெல்னோ, ஃபெர்னாண்ட் குவில் இருவரும் போர்ப் பகுதிகளை ஆட்டோகுரோம் தகடுகளில் எடுத்தார்கள். 1918-ல் ஃபிராங்க் ஹர்லி, பாலஸ்தீனத்தில் ஆஸ்திரேலிய விமானப் படையைப் பேஜெட் தகடுகளில் எடுத்தார். அந்தத் தகடுகளின் நிறமும் நூறு சதம் சரி கிடையாதுதான். ஆனா, அன்றைய வெளிச்சம் அந்தத் தகட்டில் விழுந்தது. கம்ப்யூட்டர் பூசுவது ஊகம். ஊகத்தைப் பார்த்து ஒருவர் மாடல் செய்ய, மாடலைப் பார்த்து இன்னொருவர் படம் பூச, கடைசியில் அதுவே சரித்திரமாகிவிடும். நிஜத் தகடு பெட்டியில் தூங்கும்.

நண்பரே, கோவிச்சுக்காதீங்க. அடுத்த தடவை காபி நிச்சயம். அந்தப் படத்தை மட்டும் கொண்டு வராதீங்க.