67 கோடியே 90 லட்சம் கட்டியும் அரசுக்குக் கிடைக்காத வீடு

எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டின் மேற்கூரையில் ஒரு பகுதி 2025 மார்ச் மாதம் இடிந்து விழுந்தது. 1973-லேயே அரசு எடுத்துக்கொண்டு, நினைவு இல்லமாக நடத்தி வந்த வீடு இது.

இந்தச் செய்தியோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு வீடு சென்னையில் இருக்கிறது. அதையும் நினைவு இல்லமாக்க அரசு படாதபாடு பட்டது.

கதீட்ரல் ரோட்டு இரைச்சலை விட்டுப் போயஸ் தோட்டத்துக்குள் திரும்பினால் சத்தம் அடங்கிவிடும். மரநிழல், உயர்ந்த மதில், தனித்தனி பங்களா. ரஜினிகாந்த் வீடும் அங்கேதான். அங்குள்ள 'வேதா நிலையம்', மறைந்த முதல்-அமைச்சர் ஜெயலலிதா வாழ்ந்த பங்களா. தாயார் சந்தியா காலத்தில், 1967-ல் 1 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது. தாயாரின் இயற்பெயர் வேதவல்லி. அந்தப் பெயர்தான் வீட்டுக்கும்.

2016 டிசம்பர் 5-ந் தேதி ஜெயலலிதா காலமானார். வீட்டை நினைவு இல்லமாக்கப் போவதாக 2017 ஆகஸ்டில் அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். 2020 மே மாதம் அவசரச் சட்டமே வந்தது. ஜூலையில் 67 கோடியே 90 லட்சம் ரூபாயை அரசு கோர்ட்டில் கட்டியது. இதில் 36 கோடியே 90 லட்சம் வருமான வரிப் பாக்கிக்காம்!

வீட்டுக்குள் என்ன?

அரசுக் கணக்குப்படி மொத்தம் 32 ஆயிரத்து 721 பொருள்கள். தங்கம் 4 கிலோவுக்கு மேல், வெள்ளி 601 கிலோ, புத்தகம் 8 ஆயிரத்து 376. ஏ.சி. மட்டும் 38. எல்லாம் நினைவு இல்லமாகி ஓடியிருந்தால் கரண்ட் பில் யார் தலையில் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் வரும், போக்குவரத்து நெரியும், அமைதி போய்விடும் என்று அவர்கள் சங்கம் ஐகோர்ட்டுப் படி ஏறியது. வாரிசுகளான அண்ணன் மகள் தீபாவும் மகன் தீபக்கும் தனியாக வழக்குப் போட்டார்கள்.

2021 ஜனவரி 27-ந் தேதி மெரினாவில் ஜெயலலிதா நினைவிடம் திறப்பு. மறுநாள் போயஸ் தோட்டத்தில் வீடு திறப்பு. ஆனால் கோர்ட்டு உத்தரவால் பொதுமக்களை உள்ளே விடவில்லை. நவம்பர் 24-ந் தேதி நீதிபதி சேஷசாயி, வீட்டை எடுத்தது செல்லாது என்று தீர்ப்பு கூறினார். மெரினாவில் ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று அவர் கேட்ட கேள்வி, வரி கட்டுகிற எவருக்கும் தோன்றுவதுதான். டிசம்பர் 10-ந் தேதி வாரிசுகள் கைக்குச் சாவி வந்துவிட்டது.

எடுப்பது சுலபம்

இந்த வழக்கில் பேச்செல்லாம் வீட்டை எடுப்பது பற்றித்தான். எடுத்த பிறகு ஓட்டை அடைப்பது, உத்தரம் மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் வருஷா வருஷம் வருகிற செலவு. அதற்கு அவசரச் சட்டம் யாரும் போடுவதில்லை. திறப்பு விழாவும் கிடையாது, கல்வெட்டில் பெயரும் வராது.

போயஸ் தோட்டத்துக்கு ஆள் வந்தால் தொந்தரவு. எட்டயபுரத்துக்கு ஆள் வந்தால் டீக்கடைக்காரருக்கு நாலு காசு. வருகிறவர்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: பாரதி பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும், நிற்கும்போது தலைக்கு மேல் கூரை நிற்க வேண்டும்.