கேளாமல் வந்த மாற்றல்

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த லூகா டோன்சிச் 13 வயதிலேயே வீட்டைப் பிரிந்து மாட்ரிட் சென்று கூடைப்பந்து பழகியவர். 2018-ல் அமெரிக்காவின் டாலஸ் அணியில் சேர்ந்தார். 2024-ல் அதை இறுதிப் போட்டி வரை கொண்டு சென்றார். ஆயினும் 2025 பிப்ரவரியில், அவரைக் கேளாமலேயே நிர்வாகம் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. தற்காப்பு ஆட்டமே கோப்பை தரும் என்று மேலாளர் சமாதானம் கூறினார்.

அமெரிக்கக் கூடைப்பந்தில் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தை அணிகள் தமக்குள் கைமாற்றிக் கொள்ளலாம். மறுக்கும் உரிமை மிகச் சிலருக்கே உண்டு. டாலஸிலேயே இருந்தால் கிடைத்திருக்கக் கூடிய மிகப் பெரிய சம்பள ஒப்பந்தத்துக்கான தகுதியும் மாற்றலோடு போயிற்று.

ஏப்ரலில் டாலஸுக்கு எதிரணியாளராகத் திரும்பியவர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு 45 புள்ளிகள் குவித்தார். நவம்பரில் அந்த மேலாளரின் வேலையும் போயிற்று. ஊர் மாற்றுமுன் ஆளை அழைத்து ஒரு வார்த்தை கேட்பதால் எந்த நிர்வாகத்துக்கும் நஷ்டமில்லை.