பச்சை எரிபொருளும் மறைக்கப்பட்ட நிலமும்

பெற்றோலியத்துக்குப் பதிலாகப் பயிர்களிலிருந்து எரிபொருளைப் பெறுவதன் மூலம் புவி வெப்பமடைதலைத் தணிக்கலாம் என்னும் கருத்து இன்று உலகின் பல நாடுகளிற் சட்டமாகவே நிலைபெற்றுவிட்டது. சோளத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எதனோல் வடிக்கப்படுகின்றது. எண்ணெய்ப்பனை, சோயா, கடுகினப் பயிர்கள் ஆகியவற்றிலிருந்து உயிர் டீசல் பெறப்படுகின்றது. உயிரெரிபொருள் என்னும் பொதுப்பெயராற் சுட்டப்படும் இவற்றின் நற்பெயர் ஒரேயொரு கணக்கிலேயே தங்கியுள்ளது. அக்கணக்குப் பிழையானது என்பது 2008ஆம் ஆண்டிலிருந்தாவது வெளிப்படை. அவ்வாறிருந்தும் அது கைவிடப்படாமைக்குக் காரணம் அறியாமையன்று. அப்பிழையினால் இலாபமடைவோர் உளர் என்பதேயாகும்.

அக்கணக்கு யாது? பயிர் வளரும்போது வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொள்கின்றது. அதிலிருந்து பெறப்பட்ட எரிபொருள் எரியும்போது அதே வாயு வெளியேறுகின்றது. எடுத்தது திரும்பிவிட்டமையால் மீதி பூச்சியம். கேட்பதற்கு இது மறுக்கவொண்ணாத வாதமாகவே தோன்றும். ஆயின் ஒரு கேள்வி இங்கு கேட்கப்படவில்லை. எரிபொருளுக்காகப் பயிர் வைக்கப்படுவதற்கு முன்னர் அந்நிலம் என்ன செய்துகொண்டிருந்தது? அது காடாக இருந்திருப்பின், மரங்களிலும் மண்ணிலும் காபனைச் சேமித்துக்கொண்டிருந்தது. அது சோளக் கழனியாக இருந்திருப்பின், அச்சோளமும் காபனீரொட்சைட்டை உட்கொண்டே வளர்ந்தது. உணவாகவிருந்த சோளம் எரிபொருளாக மாறியதனால் அது முன்னையிலும் பார்க்க ஓர் அவுன்ஸ் வாயுவையேனும் மேலதிகமாக உட்கொள்ளப்போவதில்லை. இழந்த உணவை ஈடுசெய்ய வேறெங்கோ ஒரு காடோ புல்வெளியோ உழப்படல் வேண்டும். அன்றேல் யாரோ ஒருவர் குறைவாக உண்ணல் வேண்டும். பூச்சியம் என்று எழுதப்பட்ட இடத்தில் உண்மையில் மறைந்திருப்பவை இவ்விரண்டுமே.

2008ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த இரு கட்டுரைகள் இதனை எண்களில் நிறுவின. பார்ஜியோனும் அவர்தம் குழுவினரும் ‘காபன் கடன்’ என்னும் கருத்தை முன்வைத்தனர். காட்டை அழித்து எரிபொருட் பயிரை வைக்கும்போது ஒரேயடியாக வெளியேறும் காபன் ஒரு கடனாகும். பெற்றோலியத்தைத் தவிர்ப்பதனால் ஆண்டுதோறும் கிடைக்கும் சிறு ஆதாயம் அக்கடனுக்கான தவணையாகும். இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் தாழ்நில மழைக்காட்டை அழித்து எண்ணெய்ப்பனையை நாட்டினால் அக்கடன் தீர 86 ஆண்டுகள் செல்லும். முற்றா நிலக்கரிச் சதுப்புக் காட்டில் நாட்டினால் 423 ஆண்டுகள். ஐக்கிய அமெரிக்காவின் புல்வெளியை உழுது சோளம் வைத்தால் 93 ஆண்டுகள். சேர்ச்சிங்கர் குழுவினரோ, காட்டை நேரடியாகத் தொடாத அமெரிக்கச் சோள எதனோலும் உலகச் சந்தையினூடாகப் பிற நிலங்களை உழவைப்பதாற் கடன்பட்டதே என்றும், அது தீர 167 ஆண்டுகள் செல்லும் என்றும் கணித்தனர்.

இக்கணிப்புகளுக்கு எதிராகக் கூறப்படும் வாதம் ஒன்றுண்டு. இத்தகைய மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றத்தை எவரும் கண்ணாற் காணமுடியாது. அது மாதிரிக் கணிப்புகளிலிருந்தே பெறப்படுகின்றது. கணிப்புக்குக் கணிப்பு விடை வேறுபடுகின்றது. எனவே அதனைக் கணக்கிற் சேர்த்தல் விஞ்ஞானமாகாது என்பர். வேறுபடுவது உண்மைதான். பிந்திய பல கணிப்புகள் 2008இன் எண்களிலும் குறைந்தே வந்துள்ளன. ஆயினும் ஓர் அளவு நிச்சயமற்றது எனின் அதனைப் பூச்சியமாகக் கொள்வது எந்த விஞ்ஞானத்தின் விதி? பூச்சியமும் ஒரு கணிப்பே; அதுவும் எல்லாவற்றினும் நம்பத்தகாத கணிப்பு. 2022இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்விதழில் லார்க் என்பாரும் பிறரும் வெளியிட்ட ஆய்வு மாதிரிகளை மாத்திரம் நம்பாது, 2008க்கும் 2016க்கும் இடையில் அந்நாட்டில் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்தது. எதனோற் சட்டத்தினாற் சோளத்தின் விலை 30 வீதமும் சோளச் செய்கைப் பரப்பு 8.7 வீதமும் உயர்ந்தன எனவும், சோள எதனோலின் காபன் வெளியேற்றம் பெற்றோலினதிலும் குறைந்ததன்று, பெரும்பாலும் 24 வீதமேனும் கூடியதே எனவும் அது முடிவுசெய்தது. இம்முடிவை மறுத்தோரும் உளர். விவாதம் நடைபெறட்டும், ஆனால் விவாதத்துக்குரிய ஒன்றை ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட நன்மையாகக் காட்டி மானியம் பெறுவதே ஆட்சேபிக்கத்தக்கது.

நிலத்தின் கணக்கு மறைக்கப்படும்போது நிகழ்வது யாதென்பதற்குச் சுமாத்திராவும் கலிமந்தானும் தக்க சான்றுகள். அங்குள்ள முற்றா நிலக்கரிச் சதுப்புகளில் நீர் எப்போதும் நிறைந்து நிற்பதனால் விழுந்த இலையும் மரமும் உக்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை பல மீற்றர் ஆழத்துக்குப் படிந்து கிடக்கின்றன. இலங்கையில் முள்ளுத்தேங்காய் என அழைக்கப்படும் எண்ணெய்ப்பனை நீர் தேங்கிய நிலத்திற் செழிக்காது. ஆகவே வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்படுகின்றது. நீர் வடிந்ததும் வளி உட்புகுகின்றது. படிவு உக்கத் தொடங்குகின்றது. நிலமட்டம் ஆண்டுதோறும் தாழ்கின்றது. காடு வெட்டப்பட்ட ஆண்டில் மாத்திரமன்றி, தோட்டம் நிலைக்கும் காலம் முழுவதும் காபன் வெளியேறிக்கொண்டேயிருக்கும். வரண்ட படிவில் தீ பிடித்தால் அது நிலத்தடியிலேயே வாரக்கணக்கிற் புகையும். 2015இல் இந்தோனேசியாவில் 26 இலட்சம் ஹெக்டெயர் நிலம் எரிந்தது. நட்டம் 1600 கோடி அமெரிக்க டொலர் என உலக வங்கி மதிப்பிட்டது. அத்தீ முழுவதும் உயிர் டீசலின் பொருட்டு மூண்டதன்று என்பதும் கூறப்படல் வேண்டும். சவர்க்காரமும் பிஸ்கட்டும் பொரித்த உணவும் அதிற் பங்காளிகளே. ஆயின் இப்பங்காளிகள் எவரும் தம்மைப் புவியின் மீட்பர் எனச் சொல்லிக்கொள்ளவில்லை.

போக்குவரத்துச் சக்தியில் 10 வீதம் 2020ஆம் ஆண்டளவிற் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறப்படல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதித்தது. 2008 ஜனவரிக்குப் பின்னர் காடழிக்கப்பட்ட நிலத்தின் எண்ணெய் ஏற்கப்படாது என்றொரு காவலும் அவ்விதியில் இருந்தது. காவலை மீறவேண்டிய தேவையே எவருக்கும் ஏற்படவில்லை. பழைய தோட்டத்து எண்ணெய் சான்றிதழுடன் ஐரோப்பிய வாகனங்களுக்குச் சென்றது. புதிதாகக் காடழித்த தோட்டத்து எண்ணெய் ஆசியாவின் அடுக்களைகளுக்குச் சென்றது. சான்றிதழில் பொய்யில்லை, காடும் இல்லை. பத்தாண்டு கழிந்து, 2019இல், பாம் எண்ணெய் மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்ற ஆபத்து மிக்கது என வகைப்படுத்திய ஒன்றியம், 2030ஆம் ஆண்டளவில் அதனை எரிபொருட் கணக்கிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. தம் சொந்தக் கடுகினப் பயிரைக் காக்கவே ஐரோப்பியர் இவ்வாறு செய்கின்றனர் என இந்தோனேசியாவும் மலேசியாவும் குற்றஞ்சாட்டின. அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. எனினும், ஐரோப்பா மறுத்த எண்ணெயை உள்நாட்டு டீசலிற் கலப்பதென இந்தோனேசியா 2020இல் 30 வீதமும் 2025இல் 40 வீதமும் விதித்தமை காட்டுக்கு எவ்வகையிலும் ஆறுதலாகாது. டீசல் எரிவது பிரசல்சிலா ஜகார்த்தாவிலா எனச் சதுப்பு நிலம் பார்ப்பதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் நிலைமை வேறு வகையானது. 2007ஆம் ஆண்டின் சட்டம் 2022அளவில் 3600 கோடிக் கலன் உயிரெரிபொருளை இலக்காக வைத்தது. அதில் 1500 கோடிக் கலன் வரை சோள எதனோலாக இருக்கலாம் என்றது. விளைவாக அந்நாட்டுச் சோளத்தில் மூன்றிலொன்றுக்கும் மேற்பட்ட பகுதி எதனோல் ஆலைகளுக்குச் செல்கின்றது. சோளம் நைதரசன் பசளையைப் பெருமளவில் வேண்டும் பயிர். அப்பசளையின் ஒரு பகுதி, காபனீரொட்சைட்டிலும் 270 மடங்களவு வெப்பமூட்டும் நைதரசு ஒட்சைட்டாக வளியிற் கலக்கின்றது. இன்னொரு பகுதி மிசிசிப்பி ஆற்றினூடாக மெக்சிக்கோ விரிகுடாவை அடைந்து, ஆண்டுதோறும் கோடையில் ஒட்சிசன் அற்ற, மீன் வாழாத நீர்ப்பரப்பை உண்டாக்குகின்றது. ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சன், நைதரசு ஒட்சைட்டைச் சரிவரக் கணக்கிட்டாற் கடுகின டீசலினதும் சோள எதனோலினதும் நன்மை முற்றாக மறையக்கூடும் என 2008இல் எடுத்துக்காட்டினார்.

உணவு விடயத்தைச் சுற்றாடலிலிருந்து பிரித்துப் பேசுவது வழக்கம். இப்பிரிப்பே ஏமாற்று. 2007 ஜனவரியில் மெக்சிக்கோ நகர வீதிகளில் மக்கள் சோள ரொட்டியின் விலையேற்றத்துக்கு எதிராகத் திரண்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில், ஐக்கிய நாடுகள் சபையின் உணவு உரிமைக்கான விசேட அறிக்கையாளர் ஜீன் சீக்ளர், விளைநிலத்தை எரிபொருளுக்குத் திருப்புவது மானிடத்துக்கு எதிரான குற்றம் எனக் கூறி, ஐந்தாண்டு காலத் தடையைக் கோரினார். விலையேற்றத்தால் விவசாயி வாழ்கின்றான் எனச் சிலர் மறுமொழி கூறுவர். எந்த விவசாயி? நூற்றுக்கணக்கான எக்கரும் இயந்திரமும் உடையவன் வாழ்கின்றான். மூன்றாம் உலகின் சிறு விவசாயிகளிற் பலர் தாம் விற்பதிலும் கூடுதலான தானியத்தை வாங்கியுண்பவர்கள்.

உணவுப் பயிரைத் தொடாது, ‘தரிசு நிலத்தில்’ எரிபொருட் பயிரை வைக்கலாமே என்பது அடுத்த வாதம். இந்தியாவில் 2003இல் காட்டாமணக்கை முன்னிட்டு இவ்வாறே திட்டமிடப்பட்டது. 2017அளவில் 20 வீத உயிரெரிபொருட் கலப்பு என 2009ஆம் ஆண்டின் கொள்கை இலக்கு வைத்தது. நீரும் பசளையும் இன்றி எவ்விடத்தும் விளையும் எனப் புகழப்பட்ட காட்டாமணக்கு, நீரும் பசளையும் இன்றி உயிர் பிழைக்கும், ஆனாற் காய்க்காது என்பது பின்னரே உணரப்பட்டது. அதனிலும் முக்கியமானது ‘தரிசு’ என்னும் சொல். ஏட்டில் தரிசாக உள்ள நிலம் ஆடுமாடு மேய்வதற்கும் விறகுக்கும் மூலிகைக்கும் நிலமற்றோர் நம்பியிருக்கும் நிலமாகும். இச்சொல்லின் வரலாறு இலங்கை மாணவருக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடும் தரிசும் பயிரிடப்படாதனவுமான நிலங்களை, மறுதலை நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியன எனக் கொண்டது. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டமே தனியாக இயற்றப்பட்டது. கோப்பியும் தேயிலையும் ஏறிய மலைகள் அதற்கு முன்னர் வெறுமையாகக் கிடக்கவில்லை.

பிறேசிலின் கரும்பு எதனோல் இவற்றினும் மேம்பட்டது என்பதை மறுப்பது நேர்மையாகாது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1975இல் அத்திட்டம் தொடங்கியது. கரும்புச் சக்கையையே எரித்து ஆலையை இயக்குவதாற் புதைபடிவ எரிபொருட் செலவு குறைவு. ஆயினும் அங்கும் ஒரு லீற்றர் எதனோலுக்குப் பத்து லீற்றருக்கு மேற்பட்ட கழிவுநீர் எஞ்சுகின்றது. கரும்பு பிடித்த மேய்ச்சல் நிலத்தின் மாடுகள் வேறு நிலம் தேடிச் செல்கின்றன. பிறேசிலைக் காட்டி அயோவாவின் சோளத்தை நியாயப்படுத்துவதோ எவ்வாற்றானும் பொருந்தாது. அன்றியும், பயிர் தன்மீது விழும் கதிரொளியில் நூற்றிலொரு பங்கைக்கூட எரிபொருளாக்குவதில்லை. இன்றைய சூரியக்கலத் தகடோ ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை மின்னாக்குகின்றது. நிலம் அரிது என ஒப்புக்கொண்டால் இவ்விரண்டில் எதற்கு நிலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

வைக்கோல், மரத்தூள் முதலியவற்றிலிருந்து வரும் ‘இரண்டாந் தலைமுறை’ எரிபொருள் யாவற்றையும் சீர்செய்யும் என்ற உறுதிமொழியும் 2007ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலேயே உண்டு. 2022அளவில் 1600 கோடிக் கலன் எனக் குறிக்கப்பட்ட அவ்விலக்கு நூறு கோடிக் கலனைக்கூட எட்டவில்லை. உணவுப் பயிரிலிருந்து விடுபடும் வரைக்குமான இடைக்கால ஏற்பாடாகக் காட்டப்பட்ட சோள எதனோல்தான் நிலைத்தது. 2025 ஜூலையில் அந்நாட்டில் நிறைவேறிய வரிச் சட்டம் ‘தூய எரிபொருள்’ வரிச்சலுகையை 2029இன் இறுதிவரை நீடித்ததோடு, மறைமுக நிலப்பயன்பாட்டு மாற்றத்தால் எழும் வெளியேற்றங்களைக் கணக்கிலிருந்து விலக்கும்படியும் விதித்தது. 2026இலிருந்து, ஒரு கலன் எதனோலின் பொருட்டுக் கழனிக்கு வெளியே எந்தக் காடு எவ்வளவு அழிந்தாலும், அதற்குரிய சலுகையில் ஒரு சதமும் குறையாது.